தண்ணி எங்கதான் போகுது?

கார் எஞ்சினிலிருந்து கூலன்ட் வெளியேற ஏழெட்டு வழிகள்தான் இருக்கின்றன. ஹோஸ் கிளிப், ரேடியேட்டர், அதன் மூடி, வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் சரியான ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன் நான். சிலவற்றைக் காசு கொடுத்து மாற்றியும் இருக்கிறேன். இளமையில் துப்பறியும் நாவல்களை அளவுக்கு மீறி வாசித்ததன் பலன் இது. கண்ணெதிரே நிற்கிற ஆளைக் குற்றவாளி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசே வராது.

வண்டி பழைய சின்ன பெட்ரோல் கார். கம்பெனி பெயர் எதற்கு, அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. கோயம்புத்தூரில் வீடு, ஆபீஸ், மறுபடி வீடு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மருதமலையோ பேரூரோ. இவ்வளவுதான் அதன் வாழ்க்கை. பானெட்டைத் திறந்தால் ஓரத்தில் வெள்ளை பிளாஸ்டிக் ரிசர்வ் டாங்க். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. பச்சைத் திரவம் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். என் வண்டியில் அது கீழ்க்கோட்டையும் தாண்டி இறங்கிக்கொண்டே இருந்தது. ஊற்றினால் நிறையும், கொஞ்ச நாளில் காணாமல் போகும். தரையில் ஒரு சொட்டு இல்லை, புகை இல்லை, டெம்பரேச்சர் முள்ளும் தன் இடத்தில்தான் நின்றது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் பட்டறைக்குப் போவான். நான் போகாததற்குக் காரணம் தாய்மாமாவின் அம்பாசிடர். சிறுவயதில் அதில் ஊட்டிக்குப் போவோம். டிக்கியில் தண்ணீர் கேன் இல்லாமல் மாமா மேட்டுப்பாளையத்தைத் தாண்ட மாட்டார். பர்லியாறு கடந்ததும் எங்காவது ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, எங்களையெல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஈரச்சாக்கை மூடிமேல் போட்டு மெல்லத் திருகுவார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். அது அடங்கியதும் தண்ணீர் ஊற்றுவார். பக்கத்து மலைச்சரிவில் ஓடுகிற நீராவி ரயில்கூட ஹில்குரோவில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. ஆகவே எஞ்சின் என்று ஒன்று இருந்தால், சந்தைக்குப் போகிற வழியில் வண்டிமாடு குடிப்பதுபோல அதுவும் குடிக்கத்தான் செய்யும் என்று மனசில் பதிந்துவிட்டது. குடிப்பது இயல்பு என்றால் ஊற்றுவது நம் கடமை. நான் கடமை தவறாதவன்.

மாமாவின் கணக்கு அவர் வண்டிக்குச் சரி. பழைய அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சின் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. வெறும் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துருப்பிடித்துப் பழுப்பாக வரும். அதையும் தாங்கிக்கொண்டு ஓடும். 2014-இல் உற்பத்தியே நின்றுபோன ஒரு வண்டியின் ஞானத்தை, ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியத்தில் உள்ள வண்டிக்குக் கொண்டுவந்தது நான்தான். கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்கால், தண்ணீர், அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் ஆகியவற்றின் கலவை. பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்று கேனிலேயே போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். கோவையில் எங்கே மைனஸ் 37? உறையாமல் இருப்பதற்குக் காசு கொடுப்பானேன்? அதே கேனில், அரிப்பைத் தடுக்கும் என்று அதற்குக் கீழேயே எழுதியிருந்த வரியை நான் படிக்கவில்லை.

ஆக, தண்ணீர். ஆரம்பத்தில் சிறுவாணித் தண்ணீர்தான் ஊற்றினேன். உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று எங்கள் ஊர்க்காரர்கள் பெருமை பேசிக்கொள்கிற சரக்கு. ரேடியேட்டருக்கு அந்தச் சுவை தெரிந்ததா என்று தெரியவில்லை. எங்கள் ஏரியாவில் நல்ல தண்ணி வருகிற நாளை எண்ணிக்கொண்டு குடம் நிரப்புகிறவர்கள் நாங்கள். காருக்கு அதை ஊற்றுவதைப் பார்த்து அம்மா முறைத்தார். அன்றிலிருந்து போர் தண்ணிக்கு மாறினேன். அந்தப் போர் தண்ணியின் யோக்கியதை எனக்குத் தெரியாததல்ல. பாத்ரூம் கீசரின் காயிலை உப்பு தின்றுவிட்டது என்று பிளம்பர் கழற்றிக் காட்டி, வேறு மாற்றிவிட்டுப் போயிருந்தார். அதே தண்ணியை அதைவிடச் சூடான இடத்தில் கொண்டுபோய் ஊற்றும்போது கீசர் ஞாபகம் எனக்கு வரவே இல்லை.

கொஞ்ச காலம் கழித்து, இது இயல்பான குடி அல்ல என்று எனக்கே தோன்றியது. எவ்வளவு குறைகிறது என்று முறைப்படி அளக்க வேண்டும். மகளின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து ரிசர்வ் டாங்கில் கோடு போட்டுத் தேதி எழுதினேன். சில நாளில் அந்த டாங்க் தெர்மாமீட்டர் வேஷம் கட்டி நின்றது. என் அளவுகளின்படி கூலன்ட் சில நாள் குறைந்தது, சில நாள் தானாக ஏறியது. தானாக ஏறுகிற கூலன்ட் மருத்துவ உலகையே திகைக்க வைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விஷயம் இதுதான்: எஞ்சின் சூடானால் திரவம் விரிந்து, மிச்சம் ரேடியேட்டரிலிருந்து ரிசர்வ் டாங்குக்கு வரும், ஆறினால் திரும்பிப் போகும். நான் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தேன், ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்த சூட்டோடு பார்த்தேன். போதாக்குறைக்கு எங்கள் போர்ட்டிகோ வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். முன்பக்கமாக விட்டால் ஒரு மட்டம், பின்பக்கமாக விட்டால் வேறொரு மட்டம். அத்தனை கோடும் வீண். ஸ்கெட்ச் பேனா தீர்ந்ததுதான் மிச்சம், அதற்கும் மகளிடம் திட்டு.

அடுத்தது ஒழுகலைக் கையும் களவுமாகப் பிடிப்பது. வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கு அடியில் விரித்தேன். அன்று மாலையே இடதுபக்கம் வட்டமாக ஈரம். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அது. நிறமில்லை, வழவழப்பில்லை, சுத்தமான தண்ணீர். வெயில் காலத்தில் ஏசி போட்டு ஓட்டிய எந்தக் காருக்கு அடியிலும் இது இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சுவர்மேல் எட்டிப் பார்த்து இதைச் சொன்னபோது, தெரியும் என்பதுபோலத் தலையாட்டினேன். அட்டையை மடித்து வைத்தேன். அதில் பூனை ஒன்று குடியேறிவிட்டது.

பிறகு மூடிக்கு வந்தேன். ரேடியேட்டர் மூடியைச் சாதாரண மூடி என்று நினைப்பவர்கள் அதிகம். உள்ளே இரண்டு வால்வு இருக்கிறது. ஒன்று, குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை கூலன்ட்டை உள்ளேயே அடக்கி வைத்து, மீறினால் ரிசர்வுக்கு விடும். இன்னொன்று, எஞ்சின் ஆறும்போது உள்ளே உண்டாகிற வெற்றிடத்துக்காக ரிசர்விலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடி ஒரு பார் அளவுக்கு அமுக்கிப் பிடித்தால் 125 டிகிரி வரை கொதிக்காது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பது இதனால்தான். அழுத்தம் போன அந்த நொடியிலேயே உள்ளே இருப்பது முழுக்கக் கொதித்து முகத்துக்கு வரும். மாமாவின் ஈரச்சாக்கு வீரம் யாருக்கும் வேண்டாம். ஒருமுறை நானும் அதைச் செய்துபார்த்து, மணிக்கட்டில் கொப்புளத்தோடு ஒரு வாரம் முழுக்கைச் சட்டை போட்டேன். ஆபீஸில் கேட்டவர்களிடம் குக்கர் என்று சொன்னேன்.

மூடியின் ரப்பர் காய்ந்திருந்தது உண்மை. மாற்றியதும் சரி. ஆனால் மாற்றிய விதம் இருக்கிறதே! பழைய மூடியின் தலையில் 0.9 என்று அடித்திருந்தது. கடைக்காரர் 0.9 வேண்டுமா, 1.1 வேண்டுமா என்று கேட்டார். இரண்டும் ஒரே விலை. ஒரே விலைக்குக் குறைந்த நம்பரை வாங்குகிற அளவுக்கு நான் ஏமாளியா? 1.1 வாங்கினேன். அது பார் கணக்கில் அழுத்தம் என்பதோ, கூடுதல் அழுத்தத்தை வண்டியிலுள்ள எல்லா பழைய ஹோஸும் எல்லா இணைப்பும் தாங்க வேண்டும் என்பதோ எனக்கு உறைக்கவில்லை. மூடி மாற்றியபின் கூலன்ட் இன்னும் வேகமாகக் குறைந்தது. அதற்குக் காரணம் போலி மூடி என்று முடிவு கட்டி, கடைக்காரரை மனசுக்குள் நிறைய நாள் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் சரியான பொருளைத்தான் கொடுத்திருந்தார்.

இதற்கிடையில் அம்மா பேச ஆரம்பித்திருந்தார். முன்சீட்டில் இடதுபக்கம் அவர் இடம். மருதமலைக்குப் போகும்போது ஒருநாள், "ஏஞ்சாமி, காலோரமெல்லாம் நசநசங்குது, என்னன்னு பாரு" என்றார். பார்க்காமலே பதில் சொன்னேன். "ஏசி தண்ணிம்மா. வெளிய போற பைப்பு அடச்சிருக்கும்." பதில் தப்பில்லை, அந்தப் பைப் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உண்மையிலேயே இடதுபக்கக் காலடியில்தான் வழியும். ஏசி மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் காற்றடித்துச் சுத்தம் செய்து, பைப்பில் அப்படியொன்றும் அடைப்பு இல்லை என்று சொல்லிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டார். அடைப்பு இல்லை என்ற பாதியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, சுத்தம் செய்தாயிற்று என்ற பாதியை மட்டும் வீட்டில் வந்து சொன்னேன். ஈரம் தொடர்ந்தது. அம்மாவின் கால் நனையக் கூடாதே என்று, ஓரமெல்லாம் உயர்ந்து தரையையே மூடிவிடுகிற 7டி மேட் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கிப் போட்டேன். கால் நனைவது நின்றது. மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தடயத்தின் மேல் தண்ணீர் புகாத விரிப்பை விரித்து ஓரங்களை அழுத்தி மூடிய துப்பறிவாளன் வேறு எந்த நாவலிலும் கிடையாது.

அடுத்த புகார் வாசனை. "பாகு காய்ச்சுன மாதர வருது." தீபாவளிக்கு அதிரசம் எடுத்துக்கொண்டு போன டப்பா கவிழ்ந்த சம்பவம் ஒன்று உண்டு. பழியை அதிரசத்தின் மேல் போட்டேன். எத்திலீன் கிளைக்கால் தித்திப்பாக இருக்கும், சூடான கூலன்ட் கசிந்தால் இனிப்பு வாசனைதான் வரும் என்பதெல்லாம் பிற்பாடு படித்த பாடம். டேஷ்போர்டில் மல்லிகை வாசனைத் திரவியம் ஒன்றை ஒட்டினேன். மூன்றாவது புகார் கண்ணாடி. முன்கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் பிசுக்காக மங்கியது. இரவில் எதிர்வண்டி விளக்கு பட்டால் ஒளிவட்டம். பழைய பேப்பரைக் கசக்கித் துடைத்தால் பேப்பரில் வழவழப்பு ஒட்டியது, மறுநாள் கண்ணாடி மறுபடி மங்கியது. இதற்கு மல்லிகைத் திரவியம்தான் காரணம் என்று கண்டுபிடித்து அதைப் பிடுங்கி எறிந்தேன். ஈரம், பாகு வாசனை, பிசுக்கு. எட்டாம் வகுப்புப் பையனிடம் இந்த மூன்றையும் ஒன்றாகச் சொன்னால் யோசிப்பான். நான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, வேறு வேறு அறிவியல் விளக்கத்தோடு தள்ளுபடி செய்தேன்.

அம்மா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கவனம் முழுக்க ஹெட் கேஸ்கெட் மேல் இருந்தது. யூடியூப் வீடியோக்களின் உபயம். வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளே எரிகிறது என்று அர்த்தம், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் போய் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறது, வெள்ளைப் புகை வரும், எஞ்சின் ஆயில் பால் கலந்த நிறத்துக்கு மாறும். மார்கழி விடியற்காலையில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சைலன்சருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தேன். வெள்ளைப் புகை வந்தது! பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலும் வந்தது. தெருவில் போன ஆட்டோவிலும் வந்தது. குளிர்ந்த காலையில் எல்லா எஞ்சினும் கொஞ்ச நேரம் நீராவி விடும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெளிர் மஞ்சளாகப் பசை. அன்று ராத்திரி தூக்கமில்லை. எஞ்சின் வேலைக்கு எவ்வளவு ஆகும், வண்டியை அப்படியே யார் தலையிலாவது கட்டிவிடலாமா என்றுகூட நினைப்பு போனது. அந்தப் பசையும் பொய்ச்சாட்சி. எஞ்சின் முழுச்சூடு ஏறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடுகிற என்னைப் போன்றவர்களின் வண்டியில், உள்ளே படிகிற ஈரம் ஆவியாக நேரமில்லாமல் மூடிக்கடியில் ஆயிலோடு சேர்ந்து பசையாகும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்திருந்தால் ஆயில் சுத்தமாக இருந்தது தெரிந்திருக்கும். பயந்தவன் டிப்ஸ்டிக்கை இழுக்க மாட்டான், ரிப்போர்ட்டைப் பிரிக்காமல் வைத்துக்கொள்கிற நோயாளி கேஸ் அது.

பட்டறைக்குப் போனால் ஹெட்டைக் கழற்றச் சொல்வார்கள் என்ற பயத்தில் மாமாவுக்குப் போன் போட்டேன். ஈரோட்டில் இருக்கிறார். "மாப்ளே, இதுக்குப் போயி அழுவறயா? லாரிக்காரனெல்லாம் மஞ்சத்தூளு போட்டுத்தான்டா ஓட்றான். ரெண்டு ஸ்பூன் போடு." இதுவும் கட்டுக்கதை அல்ல. ரேடியேட்டரில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் மஞ்சள்தூள் ஊறிப் போய் அடைக்கும். நடுவழியில் நின்றுபோன வண்டியை ஊர் சேர்க்க நெடுஞ்சாலையில் நெடுங்காலமாகச் செய்கிற வேலை அது. ஊர் வந்து சேர்ந்ததும் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள் என்பதை மாமா சொல்லவில்லை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளை, மாமா வீட்டுக் காட்டிலேயே விளைந்ததை, கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவப்பது காரத்தால். கூலன்ட்டும் லேசான காரமாக இருக்கும்படிதான் தயாரிக்கிறார்கள். ஆனால் போர் தண்ணி ஊற்றி ஊற்றி என் கூலன்ட்டில் என்ன மிச்சம் இருந்ததோ, மஞ்சளும் ஆகாமல் சிவப்பும் ஆகாமல் சேற்று நிறத்தில் நின்றது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், மட்டம் இறங்குவது நின்றது. மாமாவுக்கு நன்றி சொல்லி, ஆபீஸில் இருவருக்கு இந்த வைத்தியத்தைப் பரிந்துரையும் செய்தேன். அவர்கள் செய்யவில்லை என்பது அவர்கள் அதிர்ஷ்டம். கொஞ்ச நாளில் மறுபடி இறங்க ஆரம்பித்தது. கூடவே, சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி ஏறியது. மெல்லிய குழாய்களில் மஞ்சள் படிந்துகொண்டிருந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு மத்தியானம் முள் சிவப்பைத் தொட்டபோதுதான், பட்டறையில் காத்திருக்கும் செலவைவிட ரோட்டில் காத்திருக்கும் செலவு பெரிது என்று உறைத்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. தெருவுக்குத் தெரு லேத் பட்டறை, பம்ப் கம்பெனி. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ரேடியேட்டருக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை. நான் மூடியில் தொடங்கி கேஸ்கெட் வரை முழுக்கதையும் சொன்னேன். மஞ்சளை மட்டும் சொல்லவில்லை. அவர் எதற்கும் பதில் சொல்லாமல், எஞ்சின் ஆறட்டும் என்று ஓரமாக விட்டுவிட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார். ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே விரலை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "சாம்பார் வெச்சீங்களாங் சார்?" அதன்பிறகு மறைக்க ஒன்றுமில்லை.

மூடிக்குப் பதிலாக, கைப்பம்பும் மீட்டரும் உள்ள ஒரு கருவியை ரேடியேட்டர் வாயில் மாட்டினார். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற வேலைதான். முள்ளை 0.9-க்கு ஏற்றி நிறுத்திவிட்டு டீ சொன்னார். எஞ்சின் ஓடவில்லை, சூடில்லை, ஆவியில்லை. உள்ளே அழுத்தம் மட்டும் இருக்கிறது. ஒழுகல் இருந்தால் முள் இறங்கும், கசிகிற இடம் ஆவியாகிப் போகாமல் ஈரமாகவே நிற்கும். முள் இறங்கியது, சாவகாசமாக. டார்ச்சை அடித்து ஹோஸ்களைப் பார்த்தார். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. பம்ப்பின் சீல் போனால் முதலில் அங்கேதான் சொட்டும், சொட்டாவிட்டாலும் காய்ந்த கறை இருக்கும். அதுவும் காய்ந்து சுத்தமாக இருந்தது. கீழே படுத்துப் பார்த்த பையன், "ஒண்ணுமில்லீங்ணா" என்றான். என் கேஸ்கெட் கொள்கைக்கு உயிர் வந்தது. வாயைத் திறக்கப் போனேன்.

"தண்ணி எங்கீங் சார் போகும், கார்லதானுங்க இருக்கும்" என்றபடி அவர் இடதுபக்கக் கதவைத் திறந்தார். குனிந்து ஒரு மூச்சு இழுத்தார். "இந்த மேட்டு எப்பப் போட்டீங்க?"

மேட்டை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது, அவ்வளவு அழகாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. அடியில் கம்பெனி கார்ப்பெட் கறுத்துக் கிடந்தது. அதன் ஓரத்தைத் தூக்கி, கீழே இருந்த பஞ்சை அவர் ஒரு கையால் பிழிந்தார். விரல் இடுக்குகளில் மஞ்சள் கலந்த பச்சைத் திரவம் வழிந்து முழங்கை வரை ஓடியது. வழவழவென்று, பாகு வாசனையோடு. தரைத் தகட்டில் குழியாக இருக்கும் இடத்தில் அது தேங்கியே நின்றது. அதன் ஓரத்தில் மஞ்சள்தூள் வண்டலாகப் படிந்திருந்தது. ஒழுகலைக் கண்டுபிடிக்க கூலன்ட்டில் கலக்கிற, புற ஊதா விளக்கில் ஒளிர்கிற சாயம் என்று ஒன்று கடையில் விற்கிறார்கள். மஞ்சளும் அந்த விளக்கில் ஒளிரும். நான் தெரியாமலே அந்தச் சோதனையைச் செய்து முடித்து, விடையின் மேல் மேட் போட்டு மூடியிருந்தேன்.

ஓட்டை விழுந்தது ஹீட்டர் காயிலில். டேஷ்போர்டுக்குப் பின்னால் கையகல ரேடியேட்டர் ஒன்று ஒளிந்திருக்கிறது. எஞ்சினின் சூடான கூலன்ட் இரண்டு ஹோஸ் வழியாக அதற்குள் வந்து போகும். அதன் வழியாகக் காற்றை ஊதினால் ஹீட்டர். கோவையில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? அந்தத் திருகு எப்போதும் நீலப் பக்கம்தான் இருக்கும், ஆகவே அங்கே ஒன்றும் ஓடாது என்று, யோசித்திருந்தால், நினைத்திருப்பேன். என் வண்டியில் அந்தத் திருகு ஒரு பலகையை மட்டும்தான் திருப்புகிறது. கூலன்ட் சிவப்பிலும் நீலத்திலும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் பயன்படாத ஒரு சாமான், பயன்படாமலேயே ஓட்டையாகிப் போனது.

"என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டார். போர் தண்ணி என்றேன். "எந்த ஏரியாங்க?" சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அரிப்பைத் தடுக்கும் மருந்து நீர்த்துப் போய், உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே வந்தால் இருப்பதிலேயே மெல்லிய அலுமினியம் முதலில் ஓட்டையாகும். ஹீட்டர் காயிலின் குழாய்கள் அந்த மெல்லிய இனம். அப்புறம் 1.1 மூடி அந்த ஓட்டையை அமுக்கிப் பெரிதாக்கியது. மஞ்சள் கொஞ்ச நாள் அடைத்துவிட்டு, ரேடியேட்டரிலும் போய் உட்கார்ந்துகொண்டது. குறைகிறதே என்று நான் ஊற்றிய ஒவ்வொரு பாட்டில் தண்ணியும் குறைவதற்கான வேலையைத்தான் உள்ளே செய்துகொண்டிருந்தது.

புதுக் காயில் போட வேண்டுமானால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். சாமானைவிடக் கூலி பல மடங்கு. "ஊட்டி, கொடைக்கானல்னு அடிக்கடி போவீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், எஞ்சின் பக்கம் வரும் அந்த இரண்டு ஹோஸையும் ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்து, கிளிப் போட்டு இறுக்கிவிட்டார். காயிலுக்குள் இனி எதுவும் போகாது. அந்தக் குழாய்த் துண்டும் இரண்டு கிளிப்பும் சேர்ந்து, நான் வாங்கிய மல்லிகைத் திரவியத்தின் விலைகூட இல்லை. ரேடியேட்டரைக் கழற்றி மஞ்சளை வெளியேற்றியதற்குத்தான் பில் வந்தது. 0.9 மூடி போட்டு, கலந்தே விற்கிற கூலன்ட்டை நிரப்பி, என் எதிரிலேயே காற்று போக்கி, மறுபடி பம்ப் அடித்துக் காட்டினார். முள் அசையவில்லை.

கார்ப்பெட்டையும் பஞ்சையும் மொட்டை மாடியில் காயப்போட்டேன். எத்திலீன் கிளைக்கால் விஷம். தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், சிறுநீரகம் போய்விடும். அட்டைப்பெட்டிப் பூனை படியேறி வந்து மோப்பம் பிடித்தபோது அதை விரட்டிவிட்டு, எல்லாவற்றையும் சோப்புப் போட்டு அலசி, மாடிக் கதவைத் தாழிட்டேன். அலசியதும் போர் தண்ணியில்தான். அதற்கு அது போதும்.

அம்மாவிடம் விவரம் சொன்னேன். நான் அன்னைக்கே சொன்னேனே என்று ஆரம்பிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "அப்ப அந்த மேட்டு எதுக்குடா, குடுத்துட்டுப் பணத்த வாங்க முடியாதா?" என்று. முடியாது. அது இப்போது வாசலில் செருப்புக்குக் கீழே கிடக்கிறது. டிசம்பரில் ஊட்டிக்குப் போனால் எங்கள் வண்டியில் ஹீட்டர் வராது, ஸ்வெட்டர்தான்.

உங்கள் வண்டியிலும் கூலன்ட் இறங்கிக்கொண்டே இருந்து, தரையில் சொட்டு எதுவும் இல்லையென்றால், எஞ்சின் ஆறிய ஒரு காலையில் இடதுபக்க மேட்டைத் தூக்கி அடியிலுள்ள கார்ப்பெட்டை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். வெறும் ஈரமாக வந்தால் ஏசி. நிறமும் வழவழப்புமாக வந்தால் ஹீட்டர் காயில். நாக்கில் வைத்து மட்டும் பார்த்துவிடாதீர்கள். மஞ்சள் சமையலறையிலேயே இருக்கட்டும்.